சுவருக்கு வெளியே விட்ட ட்யூப்

அந்த ட்யூபைச் சுவருக்கு வெளியில விடச் சொன்னது நான்தான். இதை முதல்லயே எழுதிட்டா மத்ததை எழுதறது எனக்குச் சுலபம்.

என் மகள் கனடாவுல நர்ஸா இருக்கா. அவளுக்குப் பிரசவம் பார்க்கறதுக்காகத் திண்டிவனத்துலேர்ந்து புரட்டாசி மாசம் போனேன். அங்க வீட்டுக்கு அடியில இன்னொரு வீடு இருக்கு. பேஸ்மென்ட்டுன்றாங்க. நான் முப்பது வருஷம் சித்தாள் வேலை செஞ்சவ. எங்களுக்குப் பேஸ்மட்டம்னா கிராவலைக் கொட்டி, தண்ணி விட்டு, திமிசு போட்டு இடிச்சு நிரப்பற இடம். அங்க அதை நிரப்பாம விட்டு, படிக்கட்டு வெச்சு, ஆள் இறங்கிப் போறாங்க. முதல் ரெண்டு நாள் எனக்கு அதுல கால் வைக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு.

அந்த அடிவீட்டு மூலையில பீரோ உசரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி நிக்கும். ஃபர்னஸ்னு பேரு. வீடு முழுக்கச் சூடு குடுக்கறது அதுதான். கேஸ்ல எரியுது. புகையோட சூடும் வெளியில போனா வீண்னு, புகையில இருக்கற சூட்டையும் உறிஞ்சிக்கினு, ஆறிப்போன புகையைத்தான் பிளாஸ்டிக் பைப்புல வெளியில தள்ளுதுன்னு மாப்ள சொன்னார். ஆறின புகை வேர்த்துத் தண்ணியாயிடும். கொதிக்கற குழம்புச் சட்டியை மூடின தட்டுல தண்ணி கோத்துக்குமே, அது மாதிரி. நாளைக்கு ஒரு பக்கெட்டுத் தண்ணிக்குக் குறையாது. அது பெட்டிக்குக் கீழ ஒரு சின்ன டப்பாவுல வந்து சேரும். டப்பா ரொம்பினா அதுல இருக்கற மோட்டாரு தானா ஓடி, ட்யூப் வழியா தண்ணியை ஏத்தி, பக்கத்துல துணி துவைக்கற தொட்டியில கொட்டும்.

ட்யூபுன்னா, கொத்தனாரு தண்ணி ஊத்தி லெவல் பார்ப்பாரே, உள்ள இருக்கறது தெரியற மாதிரி, அந்த ட்யூபு. கண்டதும் எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்துச்சு.

கொழந்தை பொறந்த பிறகுதான் தொல்லை ஆரம்பிச்சுது. பச்சைக் கொழந்தைத் துணியை மிஷின்ல போட எனக்கு மனசு வரல. அந்தத் தொட்டியில கையால அலசுவேன். நான் அலசி முடிச்சுப் புழியற நேரமா பார்த்து மோட்டாரு உறுமும். ட்யூபு ரெண்டு தடவை துள்ளும். புகைத் தண்ணி துணி மேல கொட்டும். திரும்ப முதல்லேர்ந்து அலசுவேன். நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். அஞ்சாம் நாள் மாப்ளையைக் கீழ கூப்பிட்டேன்.

"மாப்ள, இது புகையோட எச்சித் தண்ணி. கொழந்தைத் துணி மேல வுழுது."

"கொஞ்ச நேரம் துணியைத் தள்ளி வெச்சுக்குங்க அத்தை."

"எத்தினி வாட்டி தள்ளறது? எங்க வூட்டு ஏசித் தண்ணி வெளியில கனகாம்பரச் செடிக்குத்தான் போவுது. நீங்க வாங்கிக் குடுத்த ஏசிதான் அது. இங்க மட்டும் எதுக்கு வூட்டுக்குள்ள விட்டு வெச்சிருக்கீங்க?"

"இங்க குளிரு அத்தை."

"தண்ணி ஓடறதுக்கும் குளிருக்கும் இன்னா மாப்ள? வாட்டம் குடுத்துச் சரிச்சு விட்டா தண்ணி தானா ஓடிட்டுப் போவுது."

அவர் தலையைச் சொறிஞ்சார். அந்தப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்க மாப்ள எதிர்த்துப் பேசத் தெரியாதவரு. "சரி அத்தை"ன்னார்.

ஞாயித்துக்கிழமை நீளமா ஒரு ட்யூபு வாங்கிக்கினு வந்து, சுவத்தோரமா மேல ஏத்தி, துணி காய வைக்கற மிஷினோட பைப்பு வெளியில போற ஓட்டை வழியாவே அதையும் வெளியில விட்டார். வெளியில வாட்டம் எந்தப் பக்கம்னு நான்தான் நின்னு காட்டினேன். மகளுக்கு நாங்க சொல்லல. நாப்பது நாள் வரைக்கும் படி இறங்கக் கூடாதுன்னு அவளை மேலயே உக்கார வெச்சிருந்தேன். தெரிஞ்சா கத்துவா, பிள்ளை பெத்த உடம்பு, வேணாம்னு மாப்ளைகிட்ட நான் சொல்லிட்டேன்.

கார்த்திகையில ஊருக்குத் திரும்பி வந்தேன். எங்க தெருவுல இதைச் சொல்லாத ஆள் இல்ல. கனடாவுல மாப்ளைக்கு நான்தான் வாட்டம் பார்த்துக் குடுத்தேன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்.

"அப்ப அந்த ஊரு கவர்மென்ட்ல உன்னை இன்ஜினீரா எடுத்துக்குவாங்களேக்கா"ன்னா எதிர்வீட்டுக்காரி.

"கூப்பிட்டாங்க. கேப்பக் கூழு கிடைக்காதுன்னு நான்தான் வரலன்னுட்டேன்."

தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. விழுப்புரத்துல இருக்கற என் தங்கச்சியை அழைச்சிக்கினு திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய், பேரப்பிள்ளைக்குத் தேங்கா உடைக்கறதா வேண்டுதல். எங்க ஊர்ல மல்லாட்டைன்ற வேர்க்கடலை ஒரு பை தூக்கிக்கினு விடியக்காலம் பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டு தாண்டினதும் மகள் வீடியோவுல கூப்பிட்டா. இங்க ஆறரை மணி. அங்க ராத்திரி எட்டு.

போன்ல பார்த்தா, வீட்டுக்குள்ளயே குல்லா போட்டிருக்கா. மேல கோட்டு. கோட்டுக்குள்ள நெஞ்சோட கொழந்தையைக் கட்டியிருக்கா. கொழந்தையோட மூக்கு மட்டும் தெரியுது.

"மா, வீட்ல ஹீட்டு நின்னுபோச்சு."

"எப்பலேர்ந்துடி?"

"மத்தியானம் அவரு போனதும் தூங்கிட்டேன். எழுந்து பார்த்தா குளுருது. இருபத்தொண்ணு இருக்கணும், பதினாலுக்கு வந்துடுச்சு. இறங்கிக்கினே இருக்கு. வெளியில மைனஸ் இருபத்தெட்டு. இந்த வருஷம் இவ்ளோ குளுரு இதான் முதல் தடவை."

அங்க இருந்துட்டு வந்ததால எனக்கு மைனஸ்னா தெரியும். சைபர்லயே தண்ணி கல்லாயிடும். அதுக்கும் கீழ இருபத்தெட்டு படி.

"மாப்ள எங்க?"

"ட்யூட்டில. உள்ள போறப்ப போனை லாக்கர்ல வெச்சிடணும். பத்து மணி பிரேக்குக்குத்தான் எடுப்பாரு."

"ரிப்பேர்காரனைக் கூப்புடு."

"கூப்பிட்டேம்மா. இந்தக் குளுருக்கு ஊரே ரிப்பேராம். காலையிலதான் வருவாங்களாம்."

"பக்கத்து வூட்டுக் கிழவனாரு?"

"அவங்க குளுரு காலத்துல வெயில் ஊருக்குப் போயிடுவாங்க. ரோட்டுல பனிக்காத்து. இவனைத் தூக்கிக்கினு எங்க போறது?"

"ஒரு சட்டியில கரியை மூட்டி ரூமுக்குள்ள வைடி"ன்னேன்.

"மா. மூடின வீட்ல கரி மூட்டினா காலையில ரெண்டு பேரும் எழுந்திருக்க மாட்டோம். நர்ஸுகிட்டச் சொல்றியே."

இவ பொறந்தப்ப கட்டிலுக்குக் கீழ நெருப்புச் சட்டி வெச்சுத்தான் நான் காப்பாத்தினேன். அது ஓலை வீடு. நாலு பக்கமும் சந்து, புகை தானா வெளியில போயிடும். இதையெல்லாம் அப்ப நினைச்சுப் பார்க்கத் தோணல. நான் சொன்னதை அவ கேட்டிருந்தான்னா என்ன ஆயிருக்கும்னு மட்டும் தோணுச்சு.

அவ பேசிக்கினே கீழ இறங்கினா. "ரிப்பேர் ஆபீஸ்ல ஒருத்தரு போன்லயே சொன்னாரு, தண்ணி போற வழி அடைச்சிருந்தா பெட்டி தானா நின்னுடுமாம். தண்ணி பொங்கிடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்களாம். கீழ டப்பா ரொம்பித் தரையெல்லாம் ஈரம். ட்யூபு சிங்க்குக்குத்தான் வரும், பாருன்னாரு. சிங்க்ல ட்யூபே காணோம். மா, நீ இங்கதானே துணி துவைப்ப. ட்யூபு எங்க போச்சு, பார்த்தியா?"

பஸ்ஸுல ரெண்டு பக்கமும் ஆளுங்க.

"நான் இன்னாத்தைக் கண்டேன்"னுட்டேன்.

அவ போனைத் திருப்பிப் பெட்டியைக் காட்டினா. சுவத்தோரமா மேல ஏறிப் போற ட்யூபு தெரிஞ்சுது. உள்ள தண்ணி நிக்குது. நடுவுல மிளகு மாதிரி ஒரு காத்துக் கொப்புளம். அது அசையல. லெவல் ட்யூபுல கொப்புளம் அப்படி அசையாம நின்னா, அந்த முனையில எவனோ கட்டைவிரலால வாயை அடைச்சிருக்கான்னு அர்த்தம். கொத்தனாரு அங்கேர்ந்தே திட்டுவாரு. இங்க வாயை அடைச்சது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் மைனஸ் இருபத்தெட்டு.

வாயைத் திறக்கறதுக்குள்ள படம் நின்னுபோச்சு. மகள் முகம் கோணலா அப்படியே நின்னு, அப்புறம் போனே கறுப்பாயிடுச்சு.

திரும்பப் போட்டேன். போகல. இன்னொரு தடவை. அதுவும் போகல.

எங்க பக்கத்துல ஒருத்தர் ஒண்ணைச் செய்யலன்னு சாதிச்சா, "திருவாமாத்தூர் வட்டப்பாறையில வந்து சொல்லுவியா?"ன்னு கேப்பாங்க. அந்தப் பாறைக்கு முன்னால பொய் சொன்னவன் வீடு திரும்பினதில்லன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்தவ நான். அந்தக் கோயிலுக்குத்தான் போய்க்கினு இருக்கேன். போற வழியிலயே பெத்த மகள்கிட்டப் பொய் சொல்லிட்டேன். அது பேரன் தலையில விழுந்துட்டா? இப்ப அவன் கால் எப்படி இருக்கும்? கைக்கொழந்தைக்குச் சூடு பார்க்க நான் நெத்தியைத் தொட மாட்டேன், உள்ளங்காலைத்தான் தொடுவேன். என் கைவிரல்லயே அந்தக் கால் சில்லுன்னு படற மாதிரி இருந்துச்சு.

எழுந்து நின்னு போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சேன்.

"இன்னா ஆயா, இறங்கணுமா?"ன்னார் கண்டக்டர்.

"சிக்னல் இல்லப்பா. எங்க வரும்?"

"விக்கிரவாண்டில வரும். ஜல்தியா போயிடலாம், உக்காரு. கீழ வுழுந்து என்னைப் பேஜாருல மாட்டி வுட்றாத."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"பத்து நிமிசம்."

அந்தப் பத்து நிமிசத்தை நான் எழுத முடியாது. ஜன்னலுக்கு வெளியில கரும்பு லாரி ஒண்ணு கூடவே வந்துக்கினு இருந்தது ஞாபகம் இருக்கு. பொழுது விடிய ஆரம்பிச்சு, பக்கத்துல இருந்தவங்க கூட்டத்துல புழுங்குதுன்னு ஜன்னலைத் தள்ளினாங்க. நான் முந்தானையை இழுத்து இழுத்துப் போத்திக்கினேன்.

விக்கிரவாண்டியில விழுப்புரம் டிக்கெட்டோடயே இறங்கிட்டேன். ரோட்டோரம் ஒரு டீக்கடை. பெஞ்சுல உக்காந்து வீடியோவுலயே போட்டேன். முதல் ரிங்குலயே எடுத்தா. பன்னெண்டரைன்னா. பதினாலு பன்னெண்டரை ஆயிடுச்சு.

"ட்யூபு வெளியில போவுதுடி. நான்தான் விடச் சொன்னேன். வெளியில வாய் உறைஞ்சுபோய்க் கெடக்குது."

கொழந்தை சிணுங்கற சத்தம் மட்டும் கேட்டுது.

"எதுக்கும்மா?"

"அப்புறம் திட்டு. இப்ப கத்தரிக்கோலை எடு. கால்ல ரப்பர் செருப்பு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"முதல்ல மோட்டாரு ப்ளக்கைப் புடுங்கு. கையைத் தொடைச்சிக்கினு புடுங்கு. கீழ ஈரம்."

டீக்கடையில பக்திப்பாட்டு பெரிசா ஓடிக்கினு இருந்துச்சு. அவ சொல்றது காதுல விழல. கடைக்கார அம்மா என் மூஞ்சியைப் பார்த்துட்டு, கேக்காமலே பாட்டை நிறுத்திட்டாங்க.

"புடுங்கிட்டேன்."

"ட்யூபைப் புடி. வெளிய போற ஓட்டையாண்ட வேணாம், அங்க கல்லா இருக்கும். டப்பாவுக்கு மேல ஒரு முழம் விட்டு அறு. கீழ பக்கெட்டை வெச்சுக்கோ."

"ஒரு கையில முடியலம்மா. இவனைக் கீழ வைக்கவா?"

"வைக்காத. தரை சில்லுன்னு இருக்கும். பல்லால ட்யூபைக் கடிச்சிக்கினு அறு."

"புகைத் தண்ணி போற ட்யூபைக் கடிக்கச் சொல்றியே."

அந்த நேரத்துலயும் அவ அப்படிச் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல. அவ போனை எதுமேலயோ சாய்ச்சு வெச்சா. இப்ப எனக்குச் சுவரும் அவளோட ஒரு முழங்கையும்தான் தெரியுது. முழங்கை ஆடுது. ரொம்ப நேரம் ஆடிச்சு. அப்புறம் பக்கெட்டுல தண்ணி சளசளன்னு விழற சத்தம்.

"அறுத்துட்டேன். மேல நின்ன தண்ணி கொட்டுது."

"கொட்டட்டும். டப்பாவுலேர்ந்து வர்ற முனையைப் பக்கெட்டுக்குள்ள விட்டு, கல்லு எதாச்சும் வெச்சு அமுக்கு. வெளியில வந்துடக் கூடாது."

"கல்லுக்கு எங்க போறது? சோப்புப் பவுடர் டப்பா வைக்கறேன்."

"வை. கையைத் தொடை. நல்லாத் தொடை. இப்ப ப்ளக்கைப் போடு."

அவ ப்ளக்கைப் போடறதுக்கும் மோட்டாரு சத்தம் வர்றதுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்னு தெரியல. மூணு மூச்சு இருக்கும். நான் ஒண்ணுதான் விட்டேன். 'ர்ர்'ருன்னு அது உறுமுச்சு. கொழந்தைத் துணியை நாலு நாள் பாழாக்கின அதே சத்தம். பக்கெட்டுல தண்ணி பீச்சி அடிச்சுது.

"டப்பா இறங்குதும்மா."

"பெட்டி?"

"ஒண்ணும் சத்தம் இல்ல."

"நில்லு."

நின்னோம். அவ அங்க, நான் இங்க. டீக்கடை அம்மா ஒரு டீயை என் பக்கத்துல வெச்சுட்டு, "கொழந்தைக்கு உடம்பு சரியில்லையா?"ன்னாங்க. கையால 'இருங்க'ன்னு காட்டினேன்.

முதல்ல எங்கயோ ஒரு சின்ன ஃபேன் சுத்தற மாதிரி கேட்டுது. அப்புறம் டிக், டிக். அப்புறம் ஸ்டவ்வைப் பத்த வெச்சா வருமே, 'குப்'னு ஒரு சத்தம். மகள் அழ ஆரம்பிச்சுட்டா. அது பயத்துல வர்ற அழுகையா, பயம் விட்டுப்போன அழுகையான்னு எனக்குத் தெரியல. நான் அழல. பயம் அவ்ளோ சீக்கிரம் போகல.

"அவன் காலைத் தொட்டுப் பாரு."

"சாக்ஸ் போட்டிருக்கான்."

"கழட்டிப் பாருடி."

"சூடாத்தாம்மா இருக்கு. என் கைதான் ஐஸு."

பதிமூணு ஆகட்டும்னு காத்திருந்தோம். பதினஞ்சு ஆகற வரைக்கும் போனை வைக்க விடல. பக்கெட்டை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாரு, ரொம்பினா திரும்ப நின்னுடும்னு பத்துத் தடவை சொன்னேன். அவளும் பத்துத் தடவை "சரிம்மா"ன்னா. டீயில ஆடை படிஞ்சு தோல் மாதிரி ஆயிடுச்சு. கடைக்கார அம்மா அதைக் கொட்டிட்டு வேற போட்டுக் குடுத்தாங்க. காசு வாங்கிக்கல. ஒரு கை மல்லாட்டை அள்ளி வெச்சுட்டு வந்தேன்.

விழுப்புரத்துல தங்கச்சி பஸ் ஸ்டாண்டுலயே நின்னுக்கினு இருந்தா. அவளுக்கு எதுவும் தெரியாது. ஆட்டோவுல திருவாமாத்தூர் போற வழியெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணிக்கினே வந்தா.

"கனடாக்காரியாட்டம் போத்திக்கினு வர்றியேக்கா."

கோயிலாண்ட தேங்காக் கடையில என்னைக் காட்டி, "எங்க அக்கா. கனடா போயிட்டு வந்தவ. அங்க மாப்ளைக்கே பைப்பு வாட்டம் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கா"ன்னு ஆரம்பிச்சா. நான் ஊரெல்லாம் சொன்னது எனக்கே திரும்பி வந்துச்சு. உள்ள வட்டப்பாறை இருக்கற பக்கம் என் கண்ணு போச்சு.

"அதைச் சொல்லாதடி. நான் சொல்லி விட்ட பைப்பாலதான் இன்னிக்கு அங்க எல்லாம் நின்னுபோச்சு"ன்னேன். தங்கச்சி என் கையிலேர்ந்து பையை வாங்கிக்கினா. தேங்காக்காரம்மாவுக்கு ஒண்ணும் புரியல. ரெண்டு தேங்கா குடுத்தாங்க, அவ்ளோதான்.

தேங்காயை வாங்கிக்கினு நிக்கறப்ப மாப்ள கூப்பிட்டார். பிரேக்கு போலிருக்கு. பின்னால லாக்கர் கதவுங்க சாத்தற சத்தம் கேட்டுது.

"அத்தை, இப்பதான் பேசினேன். இருபதுக்கு வந்துடுச்சாம். தூங்கறாங்க. நீங்க பயப்படாதீங்க. தப்பு என்னுது."

"உங்களுது இன்னா மாப்ள தப்பு? நான் சொல்லித்தானே விட்டீங்க."

"வெளியில விட்டா உறைஞ்சிடும்னு எனக்குத் தெரியும் அத்தை. நீங்க ஊருக்குப் போனதும் திருப்பி மாட்டிடலாம்னு இருந்தேன். வேலையில மறந்துட்டேன்."

"தெரிஞ்சும் எதுக்கு அன்னிக்கு விட்டீங்க?"

"நீங்க சொன்னீங்களே அத்தை."

பஸ்ஸுல வந்த பயம் ஒரு மாதிரி. இது வேற மாதிரி. கடல் தாண்டி ஒரு வீட்டுல, மெத்தப் படிச்ச மனுசன், தப்புன்னு தெரிஞ்சே, நான் சொன்னேன்றதுக்காக ஒரு காரியத்தைச் செஞ்சு வெச்சிருக்கார். நான் இன்னும் என்னென்ன சொல்லிட்டு வந்தேன்? கொழந்தைக்கு எண்ணெ காய்ச்சற விதம் சொன்னேன். தொட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னேன். நின்ன இடத்துலயே ஒண்ணொண்ணா எண்ணிப் பார்த்தேன்.

"மாப்ள, அந்த ஊரு காரியத்துல இனிமே நான் சொல்றதைக் கேக்காதீங்க. தெரியாம சொன்னா, தெரியாம சொல்றீங்க அத்தைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க."

"சரி அத்தை."

ட்யூபை விடச் சொன்ன அன்னிக்கும் இதே குரல்லதான் "சரி அத்தை"ன்னார்.

அதனால அவரை நம்பல. மறுநாள் மகளைக் கூப்பிட்டு, ட்யூபைத் தொட்டியிலேயே திரும்ப விட்டாச்சான்னு கேட்டேன். விட்டாச்சுன்னா. போட்டோ அனுப்புடின்னேன். வந்துச்சு. அந்தத் தண்ணி கொஞ்சம் அமிலம் மாதிரிதான், கொழந்தைத் துணியில படக் கூடாதுன்னு நீ சொன்னது சரிதான்மான்னு அதுக்குக் கீழ குரல்ல பேசி அனுப்பியிருந்தா. அதைத் தெருவுல ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லல.

தொட்டிலை எங்க போட்டிருக்காங்கன்னும் ஒரு போட்டோ கேட்டேன். ஜன்னலைவிட்டு உள்ள தள்ளிப் போட்டிருந்தாங்க. யாரு தள்ளினதுன்னு நான் கேக்கல.